பாவ்லிக் ஹார்னஸ்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும் தெரிந்திருக்க வேண்டியவை

பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். நெஞ்சைச் சுற்றி வரும் ஒரு அகலப் பட்டை, தோளுக்கு இரண்டு வார், காலுக்கு இரண்டு குட்டி உறை, உறைகளை நெஞ்சுப் பட்டையோடு சேர்க்க முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக நாலு வார். கம்பி கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. இடுப்பு மூட்டு நழுவிப் பிறந்த கைக்குழந்தைக்குப் பல நாடுகளில் மருத்துவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, மருத்துவர் கையால் அகட்டினால் மூட்டு உள்ளே போய் உட்காருகிறது என்றால், இதைவிட நல்ல சாதனம் இன்று இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, படத்தைப் பார்த்து வீட்டிலேயே மாட்டினால் இதே சாதனம் தொடை நரம்பையும் எலும்புக்குப் போகும் ரத்தத்தையும் கெடுத்துவிடும். விலையும் பிராண்டும் இரண்டாம் பட்சம். யார் மாட்டுகிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறார், பலன் இல்லையென்றால் எந்த வாரத்தில் கழற்றுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது

பிறந்த குழந்தையின் இடுப்பெலும்பு முழுக்க எலும்பாகியிருக்காது. தொடை எலும்பின் உருண்டைத் தலை உட்கார வேண்டிய கிண்ணத்தில் பெரும்பகுதி குருத்தெலும்பு. ஈரக் களிமண்ணில் உருண்டையை அமுக்கி வைத்தால் பள்ளம் விழுவதைப்போல, தலை நடுவில் உட்கார்ந்து அசைந்துகொண்டிருந்தால் கிண்ணம் ஆழமாக வளரும். தலை விளிம்பில் தொங்கினாலோ வெளியே கிடந்தாலோ கிண்ணம் சரிவாக, தட்டையாகவே நின்றுவிடும். இந்தப் பிறவிக் குறையைத்தான் மருத்துவர்கள் டிடிஎச் என்கிறார்கள். மூட்டு முழுசாக நழுவியது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகளில் இருக்கும். பெண் குழந்தைக்கு அதிகம், இடது பக்கம் அதிகம். வயிற்றுக்குள் பிட்டம் கீழாக, அதாவது பிரீச்சாக இருந்த பிள்ளை, தலைச்சன் பிள்ளை, பனிக்குட நீர் குறைவாக இருந்த பிள்ளை, அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இதே குறை இருந்த பிள்ளை ஆகியோரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

செக் நாட்டு எலும்பு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் 1940களில் இந்த வார்ச் சாதனத்தை உருவாக்கினார். 1957இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. அதுவரை வழக்கம் வேறு. மூட்டைப் பலமாக உள்ளே தள்ளி, கால்களைத் தவளை மாதிரி முழுக்க அகட்டி, மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் அசையாமல் வைப்பார்கள். அதில் பல குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலை ரத்தம் இல்லாமல் செத்துப்போனது. பாவ்லிக் காலை மடக்கி வைத்தார், ஆனால் அசைவைத் தடுக்கவில்லை. மடங்கிய காலை உதைத்து உதைத்து, காலின் சொந்த எடையிலேயே மெல்ல அகட்டி, குழந்தையே மூட்டை உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். ஜெர்மனில் இதற்கு அவர் வைத்த பெயர் ‘ரீமென்பூகல்’, வார் வளையம். ஜப்பானில் இன்றும் அந்தப் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள்.

ஹார்னஸ் மாட்டிய குழந்தை உதைக்க வேண்டும் என்பதை இங்கேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உதைக்க முடியாத அளவுக்கு இறுக்கினால் அது பழைய மாவுக்கட்டின் துணி வடிவம்தான்.

வாங்கும் முன் கையில் இருக்க வேண்டிய ரிப்போர்ட்

கைப் பரிசோதனை இரண்டு. நழுவிக் கிடக்கும் மூட்டை மெல்ல அகட்டித் தூக்கி உள்ளே கொண்டுவந்து பார்ப்பது ஓர்டோலானி. உள்ளே இருக்கும் மூட்டு பின்னால் நழுவுமா என்று மெல்லத் தள்ளிப் பார்ப்பது பார்லோ. இரண்டிலும் தேடுவது மூட்டு ‘தொடக்’கென்று ஏறி இறங்குவது கைக்குத் தட்டுப்படுகிறதா என்பதை. ‘டக்’ என்ற சன்னச் சத்தம் மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் தசைநார் உரசும் ஒலி, பயப்பட வேண்டியதில்லை. தொடை மடிப்புகள் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பதறி வரும் பெற்றோர் ஏராளம். அந்த அடையாளம் நல்ல குழந்தைகளுக்கும் சகஜம், அதை மட்டும் வைத்து எதையும் மாட்டக் கூடாது.

மூன்று மாதம் தாண்டினால் மூட்டைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடும், ‘தொடக்’ மறைந்துவிடும். அப்போது நம்பகமான அடையாளம், டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை மற்றதைவிடக் குறைவாக விரிவது. மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கினால் ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிவதும் ஓர் அடையாளம். ஆனால் இரண்டு பக்கமும் நழுவியிருந்தால் இரண்டும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும், பார்க்கிறவர் ஏமாந்துவிடுவார். நம் ஊர் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் குழந்தையை எப்படியும் கொண்டுபோகிறோம். அந்த மூன்று முறையும் ‘இடுப்பை ஒருதரம் அகட்டிப் பாருங்க டாக்டர்’ என்று கேட்டுவிடுவது நல்லது. பிறந்த அன்று சரியாக இருந்த மூட்டு பிறகு நழுவுவதும் உண்டு.

ஸ்கேன் என்பது அல்ட்ராசவுண்ட். நாலைந்து மாதம் வரை தொடை எலும்பின் தலை குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. மூட்டு கைக்கு உறுதியாக இருந்து, பிரீச் போன்ற காரணம் மட்டும் இருந்தால் ஆறாவது வாரம் ஸ்கேன் எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் தானே சரியாகிவிடும் தளர்ச்சிகூடக் குறை மாதிரி தெரியும். கைக்கே நழுவுகிற மூட்டு என்றால் காத்திருக்க வேண்டாம். நேராகக் குழந்தை எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் தாளில் ‘இரண்டு இடுப்பும் நார்மல்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது போதாது. ஆஸ்திரிய மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980இல் வகுத்த முறைப்படி இரண்டு பக்கத்துக்கும் ஆல்ஃபா கோணம், அதாவது கிண்ணத்தின் எலும்புக் கூரை எவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறது என்று காட்டும் கோணம், எழுதியிருக்க வேண்டும். 60 டிகிரியும் மேலும் என்றால் முதிர்ந்த மூட்டு. 50 முதல் 59 வரை, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் அது வளர்ச்சித் தாமதமாக இருக்கலாம், பெரும்பாலும் பார்த்திருந்தால் போதும். அதே எண் மூன்று மாதத்துக்குப் பிறகும் நின்றால் சிகிச்சை. 43 முதல் 49 வரை நழுவும் அபாயத்தில் இருக்கும் மூட்டு. 43க்குக் கீழே போய், தலை நடுவை விட்டு விலகியிருந்தால் நழுவிய மூட்டு.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஸ்கேன் படத்தில் இடுப்பெலும்பின் வெளிக்கோடு நேராக நிற்க வேண்டும், கிண்ணத்தின் ஆழத்தில் எலும்பின் கீழ் முனை தெரிய வேண்டும், விளிம்புக் குருத்தெலும்பு தெரிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல், உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான புரோப் சாய்ந்திருந்தால் கோணம் பல டிகிரி மாறும். அழுது திமிறும் குழந்தையிடம் இது அடிக்கடி நடக்கும். வயிறு நிறையப் பால் கொடுத்து, தூக்கக் கலக்கத்தில் கொண்டுபோனால் வேலை பாதி முடிந்தது. அளந்த கோடுகள் வரைந்த படத்தின் பிரதியை இரண்டு பக்கத்துக்கும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட அதுதான் உதவும்.

யாருக்கு ஒத்துவராது

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வேண்டாம். புரண்டு, தவழ்ந்து, வாரையே தோற்கடிக்கும் பலம் வந்திருக்கும். கருவிலேயே நழுவி இறுகிப்போன மூட்டுக்கும் வேண்டாம். பிறவியிலேயே பல மூட்டுகள் விறைத்திருக்கும் ஆர்த்ரோகிரிப்போசிஸ் குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். அகட்டினால் உள்ளே போகாத மூட்டை வார் கட்டி இழுப்பதால் கெடுதல்தான் வரும். முதுகெலும்பு மூடாமல் பிறந்த குழந்தைக்கு இடுப்புத் தசைகளின் பலமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், காலுணர்ச்சியும் குறைந்திருக்கலாம். உதைத்து மூட்டைச் சரிசெய்ய அங்கே ஆள் இல்லை. தொடை எலும்பின் மேல்பகுதியே உருவாகாத அரிய பிறவிக் குறையும் வெளிப்பார்வைக்குக் கால் குட்டையாக, டிடிஎச் மாதிரி தெரியும். ஸ்கேனும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் ஹார்னஸ் மாட்டினால் மாதங்கள் வீணாகும்.

பச்சிளங்குழந்தை ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கிறது, தொட்டாலே அலறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது அல்லது பால் குடிக்க மறுக்கிறது என்றால் அது மூட்டில் சீழ் பிடித்திருப்பதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை, ஹார்னஸ் பேச்சே கூடாது.

மாட்டும் முறை

முதல் முறை மருத்துவரோ அவரோடு வேலை செய்யும் ஆர்த்தோடிஸ்ட்டோதான் (இப்படிப்பட்ட தாங்கு சாதனங்களை அளவெடுத்துப் பொருத்துபவர்) மாட்ட வேண்டும். பெற்றோர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாரும் எந்தத் துளையில், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவும் இந்த வரிசை உதவும்.

கட்டிலில் ஹார்னஸை விரித்து, குழந்தையை அதன்மேல் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். உள்ளே ஒரு பருத்தி ஜபலா, காலில் முழங்கால் வரை வரும் சாக்ஸ். முதலில் நெஞ்சுப் பட்டை. அது முலைக்காம்பின் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சு தடையில்லாமல் போக உள்ளே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அடுத்து தோள் வார்கள். முதுகில் குறுக்காகப் போக வேண்டும், இல்லையென்றால் தோளைவிட்டு நழுவி விழும். மூன்றாவதாகக் கால் உறைகள். உறையின் மேல் பட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கெண்டைக்காலின் உச்சியில் நிற்க வேண்டும். இதுதான் பலர் தவறவிடும் இடம். பட்டை கீழே கணுக்கால் பக்கம் இறங்கிவிட்டால், முன் வார் இழுக்கும்போது முழங்கால்தான் மடங்கும். இடுப்பு மடங்காது.

பிறகு முன் வார்கள். இவை நெஞ்சுப் பட்டையில் அக்குளின் முன் கோட்டுக்கு நேராகப் பிணைய வேண்டும். நடு நெஞ்சில் பிணைத்தால் காலை உள்பக்கமாக இழுத்துவிடும். இவற்றை இறுக்கினால் தொடை வயிற்றை நோக்கி மடங்கும். 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, 100 வரை போதும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தொடை தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து, ஒரு துளி வயிற்றுப் பக்கம் சாய்ந்திருக்கும். கடைசியாகப் பின் வார்கள், தோள்பட்டை எலும்பின் மட்டத்தில் பிணைவது. இவை காலை அகட்டி இழுக்கும் வார்கள் என்று நினைத்து இறுக்குவதுதான் மிகப் பெரிய தவறு. கால்கள் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வராமல் தடுப்பது மட்டுமே இவற்றின் வேலை. சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மடங்கிய இரண்டு முழங்காலையும் மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று கொண்டுவாருங்கள். 3 முதல் 5 செ.மீ., அதாவது இரண்டு மூன்று விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். அதற்கு முன்பே வார் தடுத்தால் இறுக்கம். முழங்கால்கள் முட்டிக்கொண்டால் தளர்ச்சி.

எல்லாம் முடிந்ததும் நிரந்தர மார்க்கரால் ஒவ்வொரு வாரிலும் பக்கிள் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரவில் ஒரு வார் அவிழ்ந்தாலும் காலையில் அதே கோட்டில் மாட்டலாம். இந்தக் கோடு ஒரு வாரத்துக்கு மட்டுமே செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த வயதில் குழந்தை வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை எடை கூடும். உடம்பு வளர வளர, நீளம் மாறாத முன் வார் தானாகவே தொடையை இன்னும் மேலே இழுத்துவிடும். யாரும் இறுக்காமலே ஹார்னஸ் இறுகுவது இப்படித்தான்.

எங்கே கெடுகிறது, ஏன்

தொடை அளவுக்கு மீறி மடங்கினால் இடுப்பின் முன்பக்கம் ஓடும் தொடை நரம்பு கவட்டையில் நசுங்கும். அறிகுறி ஒன்றே ஒன்று: குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்திவிடும். பாதத்தைச் சீண்டினால் விரல்கள் அசையும், கணுக்கால் அசையும், முழங்கால் மட்டும் நீளாது. 1,218 குழந்தைகளைப் பார்த்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 2.5 விழுக்காட்டினருக்கு இது வந்தது, பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. ஆகவே முதல் ஏழு நாளும் காலை, மதியம், இரவு என்று பாதத்தைச் சீண்டி இரண்டு முழங்காலும் நீள்கிறதா என்று பாருங்கள். நீளவில்லை என்றால் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முன் வாரைத் தளர்த்தினாலோ ஹார்னஸைக் கழற்றினாலோ நரம்பு சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டுவிடும். அடுத்த செக்கப் வரை பொறுத்திருப்பதுதான் ஆபத்து.

பின் வார்களை இறுக்கி அளவுக்கு மீறி அகட்டினால் வேறு கேடு. தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் நசுங்கி, தலை வளராமல் கோணலாகும். நரம்பு மீளும், இது மீளாது. வலி காட்டாது, அழவைக்காது. மாதங்கள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரியும். கால்கள் மெத்தையில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் அளவுக்கு விரிந்திருந்தால் அது அழகான தவளை நிலை இல்லை, இறுக்கத்தின் அடையாளம்.

மூன்றாவது கேடுதான் அதிகம் பேசப்பட வேண்டியது, ஏனென்றால் அது நல்லெண்ணத்தால் வருவது. மூட்டு உள்ளே வரவில்லை என்று ஸ்கேன் காட்டிய பிறகும், இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று மாட்டிவைத்திருப்பது. நழுவிய தலை கிண்ணத்தின் பின் விளிம்பில் அழுத்திக்கொண்டே கிடந்தால் அந்த விளிம்பு தேய்ந்து தட்டையாகும். பிறகு மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே வைத்தாலும் தங்காது. இதற்கு மருத்துவர்கள் வைத்த பெயரே ‘பாவ்லிக் நோய்’. நழுவிய மூட்டுக்கு ஹார்னஸ் மாட்டினால் வாரம் ஒருமுறை, ஹார்னஸ் மாட்டியபடியே ஸ்கேன் எடுக்க வேண்டும். மூன்று வாரம், மிஞ்சினால் நாலு வாரத்துக்குள் தலை நடுவில் வந்து உட்காரவில்லை என்றால் கழற்றிவிட வேண்டும். முதல் சந்திப்பிலேயே ‘எத்தனாவது வாரம் முடிவு எடுப்பீங்க?’ என்று கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சேவை நல்லதா என்று எடைபோட இதைவிட நல்ல கேள்வி இல்லை.

வீட்டில்

அரைஞாண் கயிற்றையும் காலில் தண்டை, கொலுசு எது இருந்தாலும் அதையும் முதலில் கழற்றுங்கள். உறைக்குள் மாட்டிய கொலுசு ஒரே இரவில் கணுக்காலில் வளையமாகப் பதிந்து தோலைக் கிழித்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் கயிற்றைக் கொஞ்ச நாள் கைக்கு மாற்றிக் கட்டலாம்.

நாளுக்கு 23, 24 மணி நேரம் என்பது பொதுவான விதி. நழுவிய மூட்டுக்கு ஆரம்ப வாரங்களில் குளிக்கக்கூடக் கழற்ற விடமாட்டார்கள். வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட வேண்டியதுதான். காலை நீட்டி அதன்மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கை காலை மாற்றிப் போட்டு நீவிவிடும் வழக்கம் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். இரண்டு காலையும் சேர்த்து நீட்டி இழுப்பது நழுவும் மூட்டை வெளியே தள்ளுகிற அதே அசைவு. எண்ணெய்க்கு இன்னொரு கேடும் உண்டு: வெல்க்ரோ பிடிமானம் போய்விடும்.

தூளியில் போடக் கூடாது. துணியின் இரு பக்கமும் வந்து முழங்கால்களைச் சேர்த்து அமுக்கும். துணியில் காலை நேராக நீட்டிச் சுற்றிக் கட்டுவதும் அதே கணக்குதான். ஜப்பானில் 1970களில் குழந்தையின் கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்த பிறகு இடுப்பு நழுவல் பல மடங்கு குறைந்தது. நம்மூரில் தலை நின்ற குழந்தையை இடுப்பில் உட்காரவைத்துத் தூக்குகிறோமே, அந்த நிலை மூட்டுக்கு மிகவும் உகந்தது. ஹார்னஸ் போட்ட குழந்தையையும் நெஞ்சோடு நெஞ்சாக, இரு தொடையும் விரிந்திருக்கத் தோளில் சாய்த்துத் தூக்கலாம்.

பால் கொடுக்கும்போது உட்கார்ந்து கொடுப்பது நல்லது. ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் குழந்தையும் ஒருக்களிக்கும், மேல்கால் உள்ளே விழும். மல்லாக்கத்தான் தூங்கவைக்க வேண்டும். டயப்பர் வார்களுக்கு அடியில் போக வேண்டும், மேலே கட்டினால் வாரின் இழுப்பு மாறும். மாற்றும்போது இரண்டு பாதத்தையும் பிடித்துத் தூக்காமல் பிட்டத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். ஜபலா மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முழங்கால்களை மடக்கி அகட்டியபடி பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு தோள் வாரை மட்டும் அவிழ்த்து ஒரு கையை உருவி, அதை மாட்டிவிட்டு அடுத்த பக்கம் போக வேண்டும். முன்னால் முடிச்சுப் போடும் ஜபலா இதற்கு வசதி. தலைவழியே மாட்டும் பனியன் பெரும்பாடு.

நம் வெயிலில் தோல்தான் முதலில் கத்தும். கவட்டை மடிப்பு, முழங்காலின் பின் குழி, வார் உரசும் கழுத்தோரம் ஆகிய மூன்றையும் தினமும் பார்க்க வேண்டும். பவுடர் தூவினால் வியர்வையில் குழைந்து கட்டியாகி மடிப்பை அறுக்கும். துடைத்து, ஈரம் போகக் காற்றாட விட்டால் போதும். மலம் பட்ட வாரைக் கழற்றாமலே சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடைக்கலாம். தடுப்பூசிக்குக் கழற்ற வேண்டியதே இல்லை, தொடை திறந்துதான் இருக்கும்.

முதல் இரண்டு மூன்று இரவு குழந்தை சிணுங்கும். புதுக் கட்டுக்குப் பழகும் சிணுங்கல் அது. நாலாம் நாளும் அழுகை நிற்கவில்லை என்றால் எங்கோ அழுத்துகிறது என்று பொருள்.

பொருளாகப் பார்த்தால்

கடையில் கிடைப்பவற்றில் வெல்க்ரோ ஒட்டும் வகை, பக்கிள் வகை என இரண்டு உண்டு. வெல்க்ரோ மாட்ட எளிது. ஆனால் நூல் பிசிறு சேரச் சேரப் பிடி தளரும், நடு இரவில் பிரியும், எந்த அளவில் ஒட்டியிருந்தது என்பதும் தொலையும். கால் வார்களுக்குப் பக்கிள், நெஞ்சுப் பட்டைக்கு வெல்க்ரோ என்று கலந்து வருவதே எங்கள் தேர்வு. நெஞ்சுப் பட்டையும் கெண்டைக்கால் பட்டையும் உள்ளே மென்மையான பஞ்சுத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள், தையல் முடிச்சு நெருடினால் வேண்டாம். வார் இழுத்தால் நீளக் கூடாது. எலாஸ்டிக் போட்ட முன் வார் என்றால் அதை வாங்கவே வேண்டாம், மடக்கும் கோணத்தை எவராலும் நிலைநிறுத்த முடியாது. இடது வலது, முன் பின் என்று நிறத்திலோ எழுத்திலோ அடையாளம் இருப்பது அரைத்தூக்கத்தில் மாட்டும் பெற்றோருக்குப் பெரிய உதவி.

அளவு எடுப்பது முலைக்காம்பு மட்டத்தில் நெஞ்சுச் சுற்றளவை வைத்து. வளர்வான் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் நெஞ்சுப் பட்டை வயிற்றுக்கு இறங்கி எல்லாக் கோணமும் மாறும். இரவல் வாங்கியதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வார் நீளாமல், வெல்க்ரோ உயிரோடு இருந்தால் துவைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் பழைய மார்க்கர் கோடுகளை அழித்துவிட்டு மருத்துவரிடம் மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடுகள் வேறொரு குழந்தையின் அளவு.

மாற்றுச் சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு மூன்று டயப்பரைச் சேர்த்துக் கட்டுவதால் பயனில்லை. நாள்தான் ஓடும். கடினமான பிளாஸ்டிக் அகட்டிப் பட்டை, ஹார்னஸில் தலை உள்ளே வந்தும் தளர்வாக இருக்கும் மூட்டுக்கும் ஆறு மாதத்தை ஒட்டிய குழந்தைக்கும் நல்லது. அதில் குழந்தை உதைக்க இடம் குறைவு. ஹார்னஸ் தோற்றால் அடுத்த படி, மயக்கம் கொடுத்து மூட்டுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே பார்த்து உள்ளே வைத்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு. நடக்க ஆரம்பித்த பிறகு, குழந்தை ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறது என்று கண்டுபிடித்தால், பெரும்பாலும் மூட்டைத் திறந்து, இடுப்பெலும்பையே வெட்டிக் கிண்ணத்தைத் திருப்பிவைக்கும் அறுவை சிகிச்சைதான். டொரன்டோவின் ராபர்ட் சால்ட்டர் 1961இல் விவரித்த முறை அதில் ஒன்று. நம் நாட்டில் இப்படித் தாமதமாக வரும் குழந்தைகள் இன்னும் ஏராளம். ஒரு வார்ப் பட்டையில் முடிந்திருக்க வேண்டியது அறுவை மேசைக்குப் போவதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

கழற்றும் நாள்

தலை நடுவில் நின்று, ஆல்ஃபா கோணம் 60ஐத் தொட்ட பிறகே கழற்றும் பேச்சு. மொத்தம் 6 முதல் 12 வாரம் வரை ஆகும். சில மருத்துவர்கள் பகலில் சில மணி நேரம், பிறகு பகல் முழுக்க என்று படிப்படியாகக் கழற்றுவார்கள், சிலர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். கழற்றிய பின் சில நாள் குழந்தை காலை மடக்கியேதான் வைத்திருக்கும். பிடித்து நீட்டிவிட வேண்டாம், தானே நீட்டும்.

அதோடு கோப்பை மூடிவிடக் கூடாது. நன்றாக ஆன கிண்ணம் பிறகு வளர்ச்சியில் பின்தங்குவது உண்டு. ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, ஒரு வயதில் ஒன்று, நடக்க ஆரம்பித்ததும் ஒன்று, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எலும்பு வளர்ந்து முடியும்வரை. எக்ஸ்ரேயில் கிண்ணக் கூரையின் சாய்வை அளப்பார்கள். அந்தக் கோணம் ஆறு மாதத்தில் 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இரண்டு வயதில் 24க்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்து எண்ணையும் தேதியோடு தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் குறித்துவையுங்கள். ஊர் மாறினாலும், மருத்துவர் மாறினாலும் அடுத்தவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.